வீட்டை விட்டு இறங்க மாட்டேன்

நூறு பேர் மூங்கில் கம்புகளோடு வந்து என் அக்கா மகளை வீட்டை விட்டுத் துரத்தப் போகிறார்கள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை, தலையில் அடித்துச் சத்தியம் செய்யும் அளவுக்கு நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அந்த நூறு பேரையும் தனியாளாகத் தடுத்துவிடலாம் என்றும் நம்பினேன். இரண்டாவதுதான் பெரிய முட்டாள்தனம். என் உயரம் ஐந்தடி சொச்சம். அதிலும் பெரும்பகுதி வயிறு.

என் பெயர் செல்வராஜ். வெலிமடையில் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு ஏற்றிக் கொழும்பில் இறக்குவது தொழில். சொத்து என்று பார்த்தால் ஒரு லொறி, ஒரு முதுகுவலி. பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். இப்போது பதுளை டவுனில் வாடகைக்கு இருக்கிறேன். அக்கா பார்வதி இன்னமும் அந்த லயத்தில்தான். அவளுடைய ஒரே மகள் சுகந்தி வெளிநாட்டு வேலைக்குப் போனாள். ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் அவள். சமையல்கட்டில் ருஸ்லான் என்ற இந்தோனேசியப் பையன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மதம் மாறி, கல்யாணம் கட்டி, சுலவேசி என்ற தீவில், வரைபடக்காரன் பெயர் எழுத மறந்த ஒரு கிராமத்தில் குடியேறிவிட்டாள். அக்கா பல மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு, பேசாத மாதங்களுக்கும் சேர்த்துத் தினமும் போனில் பேசினாள்.

அந்தப் போனில்தான் செய்தி வந்தது. சுகந்தியின் வீடு நிற்கும் காணி ருஸ்லானின் பெரியப்பாவுக்குச் சொந்தமாம். அவர் காணியைத் திருப்பிக் கேட்கிறாராம். அக்கா அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"காணிய கேக்குறாங்களாம்டா. அப்ப வீடு?"

"காணி போனா வீடும் போச்சுக்கா."

"அந்த ஊர்ல அவளுக்கு யாரு இருக்கா? நீ போயி பிள்ளைய கையோட கூட்டிட்டு வந்துரு."

"நானா? எனக்குக் கொழும்புக்கு அங்கிட்டு வழியே தெரியாதே!"

"லொறிய ஓட்டிக்கிட்டா போகச் சொல்றேன்? ஏரோப்பிளேன்ல போ. அத ஓட்ட வேற ஆளு இருப்பாங்க."

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு எங்கள் பயம் புரியாது. லயம் என்றால் ஒரே நீளக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி நிற்கும் அறைகள். தலைமுறை தலைமுறையாக நாம் இருப்போம். சுவரும் நமதில்லை, சுவர் நிற்கும் மண்ணும் நமதில்லை. மண் யாருடையதோ வீடும் அவனுடையது. எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போன ஒரே ஆஸ்தி ஒரு வாக்கியம். "லயத்த விட்டு எதுக்காகவும் எறங்காத. எறங்கச் சொல்றவன் திரும்ப ஏறச் சொல்ல மாட்டான்."

அப்பா சொன்னது பொய்யில்லை. மேல் லயத்துக்குப் பின்னால் மலை மண் வெடித்துச் சரியத் தொடங்கியபோது, "தற்காலிகமா கொட்டகையில இருங்க, புது வீடு கட்டித் தர்றோம்" என்று சொல்லி இறக்கினார்கள். அந்தத் தகரக் கொட்டகையில் பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். கீழ் லயத்துக்கும் எச்சரிக்கை வந்தது. அக்கா இறங்கவில்லை. அவளுடைய அறைச் சுவரிலும் ஒரு வெடிப்பு உண்டு. அதன் மேல் முருகன் கலண்டர் மாட்டியிருக்கிறாள். வெடிப்பு நீள நீள ஆண்டுக்கு ஆண்டு பெரிய கலண்டராகப் பார்த்து வாங்குகிறாள்.

ஆக, நான் புறப்பட்டேன். பெட்டியில் நல்ல தேயிலை, அக்கா வெங்காயம் வதக்கிச் செய்த சீனிச்சம்பல், செத்தல் மிளகாய். இவற்றோடு என் சொந்த ஏற்பாடாக, பதுளை ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய ஒரு பித்தளைப் பூட்டும், அதை மாட்டக் கதவில் அடிக்கும் கொண்டியும். தேங்காய்ச் சிரட்டை அளவுப் பூட்டு. ஊர் பேர் தெரியாத கிராமத்தில் பாதுகாப்பு முக்கியம் அல்லவா?

முதல் நாள் சுலவேசியின் மகாசார் நகரத்தில் பசியோடு இறங்கினேன். விமானத்தில் தந்ததைச் சாப்பாடு என்று சொன்னால் சாப்பாடு வழக்குப் போடும். தெருவோரக் கடையில் ஓர் அண்டாவில் கெட்டியான சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அரைத்த கச்சானின், அதாவது நிலக்கடலையின், மணம். பக்கத்தில் குருத்தோலைப் பொட்டலத்துக்குள் அவித்த சோறு, அரைத்த மிளகாய், பிழிந்துகொள்ளத் தேசிக்காய்த் துண்டு. இரண்டு கோப்பை குடித்து முடித்த பிறகு, இது என்ன இறைச்சி என்று சைகையில் கேட்டேன். கடைக்காரர் தலையில் இரண்டு விரலை வைத்துக் கொம்பு காட்டினார். ஆடு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவர் விடவில்லை. கழுத்தை நீட்டி "ம்ம்மா" என்று கத்தியும் காட்டினார். இந்தப் பகுதியை மட்டும் அக்காவுக்கு யாரும் வாசித்துக் காட்டாமல் இருந்தால் புண்ணியம்.

இரண்டாம் நாள் வேன் பயணம். பத்துப் பேர் ஏறவேண்டிய வேனில் பதினாறு பேர், கோழிகள் தனி. எனக்கு இது புதிதல்ல. பசறை பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று வளர்ந்தவன் நான். அந்த வளைவுகளில் பஸ் பள்ளத்துப் பக்கம் சாயும்போது கண் மூடாமல் வடை தின்பேன். தெரிந்த பள்ளம். விழுந்தாலும் தூக்கிவரத் தெரிந்த ஆட்கள் வருவார்கள். இங்கே பள்ளமும் அந்நியம், ஆட்களும் அந்நியம்.

மடியில் கோழி வைத்திருந்த ஓர் அம்மா தன் போனில் பேசி, அதை மொழிபெயர்க்கவிட்டு என்னிடம் காட்டினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" சொன்னேன். "மனைவியை ஏன் கூட்டி வரவில்லை?" சொன்னேன். "நீங்கள் ஏன் இவ்வளவு வியர்க்கிறீர்கள்?" இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஓட்டுநர் பெரிய வீதியை விட்டு, இரண்டு பக்கமும் சோளம் நின்ற ஒரு சந்துக்குள் வேனைத் திருப்பியிருந்தார். கடத்திவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். கடத்தினால் எனக்காக யார் என்ன தருவார்கள் என்று யோசித்தேன். ஒரு மூட்டை லீக்ஸ் தேறினால் அதிகம்.

சந்தின் முடிவில் ஒரு வீடு. ஓட்டுநர் இறங்கி மனைவியிடம் ஒரு அரிசிப் பையைக் கொடுத்தார். மனைவி ஒரு தட்டு நிறைய வாழைக்காய்ப் பொரியல் கொண்டுவந்து வேனுக்குள் நீட்டினார். தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல். கடத்தப்பட்டவன் நான்தான் அதிகம் தின்றேன்.

வீதி முடிந்த இடத்தில் ருஸ்லான் மோட்டார் சைக்கிளோடு நின்றான். என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "மாமா, சாப்டீங்களா?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ் பேசுகிறானே! பிறகுதான் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். காலை வணக்கத்துக்கும் "சாப்டீங்களா". மன்னிப்புக்கும் "சாப்டீங்களா". மோட்டார் சைக்கிள் சேற்றில் வழுக்கி நாங்கள் இருவரும் வாய்க்காலில் உட்கார்ந்தபோதும், எழுந்து என் முழங்காலைத் துடைத்துவிட்டு அதையே கேட்டான்.

சுகந்தி ஓடிவந்தாள். தலையில் முக்காடு, முகத்தில் அதே எங்கள் லயத்துச் சிரிப்பு. "என்னா மாமா, வரும்போதே குளிச்சிட்டு வாறீங்க!"

வீடு எனக்குப் பிடித்துவிட்டது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது. முழுக்க மரம். ஆள் உயரத்துக்கு மேலான தூண்களின் மேல் நிற்கிறது, ஏணிப்படியில் ஏறவேண்டும். தரை மூங்கில் பத்தைகள், இடையில் விரல் நுழையும் இடைவெளி. கூட்டிப் பெருக்கினால் குப்பை தானாகக் கீழே போய்விடும். வீட்டின் அடியில் ஆடு, கோழி, மோட்டார் சைக்கிள், ஓர் ஊஞ்சல், எப்போதும் யாராவது நாலு பேர். அவர்கள் பூகிஸ் மக்கள்; அவர்கள் மொழியில் சாதாரணமாகப் பேசினாலே எனக்குச் சண்டை போடுவது மாதிரிக் கேட்டது.

மூன்றாம் நாள் நான் பாதுகாப்பை ஆராய்ந்தேன். கதவில் பூட்டு இல்லை. பூட்டு மாட்ட ஒரு வளையம்கூட இல்லை. காலையில் கண் விழித்தால் முன்பின் தெரியாத ஒருவர் என் காலடியில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறார்.

"யாரு இது?"

"பக்கத்து வீட்டுக்காரரு மாமா. உங்கள பாக்க வந்தாரு. தூங்குறீங்கன்னு உக்காந்துட்டாரு."

"நான் தூங்குறதப் பாத்துக்கிட்டா?"

"நீங்க கொறட்ட விடுறது அவருக்குப் புடிச்சிருக்காம்."

பெட்டியிலிருந்து பூட்டையும் கொண்டியையும் எடுத்தேன். சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "வெளியில பூட்டு போட்டா ஊரே கோவிச்சுக்கும் மாமா. எங்கள கள்ளன்னு நினைக்கிறாளான்னு கேப்பாங்க." சரி, வெளியில் வேண்டாம், உள்ளே போடுகிறேன் என்றேன். படுக்கும்போதாவது நிம்மதி. ருஸ்லான் ஆணியும் சுத்தியலும் தந்து, அருகில் நின்று, "சாப்டீங்களா" என்று உற்சாகப்படுத்தினான். கொண்டி கதவின் உட்பக்கம் ஏறியது.

அன்று பிற்பகல் ருஸ்லானின் அந்தப் பெரியப்பா வந்தார். வெள்ளைத் தொப்பி, ஒல்லியான உடம்பு. தாஹிர் என்று பெயர். காணிக்காரர். கூட நாலைந்து பேர். வீட்டுக்குள் வரவில்லை. அடியில் நின்று தூண்களைத் தட்டினார்கள், கயிற்றால் அளந்தார்கள், கரியால் கோடு போட்டார்கள். நான் தரையில் குப்புறப் படுத்து மூங்கில் இடைவெளியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். தாஹிர் தற்செயலாக மேலே நிமிர்ந்தார். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரு சாண் தூரத்தில் சந்தித்தன. அவர் தலையசைத்து மரியாதையாக ஏதோ சொன்னார். நான் எழுந்து போய் வாசலில் தண்ணீர் குடிப்பவன் மாதிரி நின்றேன்.

"சுகந்தி, வீட்ட அளக்குறாங்க!"

"ஆமா மாமா. நாளைக்கு வெள்ளிக்கிழமை இல்ல? தொழுக முடிஞ்சதும் வீட்ட தூக்கிட்டுப் போறாங்க."

"எங்க?"

"மேட்டுக்கு. ருஸ்லானோட அம்மா அங்க ஒரு துண்டு காணி தந்திருக்காங்க, ரோட்டுப் பக்கம். வெள்ளமும் ஏறாது. பெரியப்பாவுக்கு இந்தக் காணி வேணும், மகளுக்கு வீடு வைக்க. நாங்க எங்க வீட்ட எடுத்துக்கிட்டுப் போறோம். அவ்வளவுதான்."

"கழட்டியா?"

"முழுசா. ஊர் ஆம்பளைங்க எல்லாம் சேர்ந்து தோள்ல வச்சு."

நான் பாரம் ஏற்றிப் பிழைப்பவன். ஒரு லொறி உருளைக்கிழங்கு எவ்வளவு கனம், எத்தனை பேர் வேண்டும், எங்கே முதுகு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டைத் தோளில் வைப்பார்களாம்! என் மனதில் படம் தெளிவாக ஓடியது. வெளிநாட்டுப் பெண்ணை ஏமாற்றுகிறார்கள். வீட்டை விட்டு இறங்கு, மேட்டில் வைத்துத் தருகிறோம் என்பார்கள். இறங்கினதும் பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பழைய வாக்கியம்தான். மொழி மட்டும் வேறு.

"தற்காலிகமாத்தான் எறங்கச் சொல்றாங்களா?" என்று கேட்டேன்.

சுகந்திக்கு உடனே புரிந்துவிட்டது. அவளும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே. "இது தோட்டம் இல்ல மாமா."

"காணி யார் பேர்ல?"

"அவங்க அம்மா பேர்ல. வெளிநாட்டுக்காரிக்கு இங்க காணி எழுத முடியாது. அங்கயும் எனக்குக் காணி இல்ல, இங்கயும் இல்ல. ஆனா இங்க வீடு இருக்கு. வீடு எங்களது."

"காணி இல்லாம வீடு மட்டும் எப்படிடி சொந்தமாகும்? நாளைக்கு ரோட்டுல நிப்ப. எங்கூட வந்துரு. அக்கா சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருக்கா."

"நாளைக்கு வீடு போகலன்னா நான் வாறேன் மாமா." அவள் அதை அழுத்தமாகச் சொன்னாள். "வீடு ஒழுங்கா மேல போயி நின்னுச்சுன்னா நீங்களே அம்மாகிட்ட சொல்லணும், நான் இங்கதான் இருப்பேன்னு. சரியா?"

சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டைக் காப்பாற்ற ஒரு திட்டம் போட்டேன். அவர்கள் பிரிக்க வரும்போது வீட்டுக்குள் ஒருவன் இருந்தால் பிரிக்க முடியாது. அப்பாவின் வாக்கியத்தை அப்பாவின் மகன் காப்பாற்றுவான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கண்ணாடிச் சாமான்களையும் அரிசிப் பானையையும் பெண்கள் இறக்கிக்கொண்டு போனார்கள். மேட்டில் சமையல் தொடங்கியது. தேங்காய்ப்பால் விட்டு வாழையிலையில் கட்டி அவிக்கும் சோற்றின் வாசம் இங்குவரை வந்தது. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன். ஊரே நம்பியது, என் வயிற்றைப் பார்த்தால் அதற்கு எதுவும் ஆகலாம் என்றுதான் தோன்றும். எல்லோரும் போனதும் கதவைச் சாத்தி, உள்ளே கொண்டியில் என் பதுளைப் பூட்டைப் போட்டேன். 'டக்' என்ற அந்தச் சத்தம் எவ்வளவு தைரியம் தந்தது தெரியுமா?

தொழுகை முடிந்தது. வந்தார்கள்.

ஐயா, வந்தார்கள்! முதலில் மூங்கில்கள் தெரிந்தன, பிறகு ஆட்கள். இடுப்பில் சாரமும் தலையில் தொப்பியுமாக, சிரித்துக்கொண்டு, சிகரெட் பிடித்துக்கொண்டு, நீள நீள மூங்கில்களைச் சுமந்துகொண்டு. துரத்த வருகிறவன் எதற்குச் சிரிக்கிறான் என்று நான் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு எதிராளியின் சிரிப்பு இன்னும் பயம். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தமிழில் கத்தினேன். பிறகு சிங்களத்தில் "எப்பா, எப்பா", வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். சுலவேசியில் சிங்களம் எதற்கு என்று கேட்காதீர்கள். பயத்தில் வாயில் எது முன்னால் நின்றதோ அது வந்தது. அவர்கள் எல்லோரும் எனக்குக் கையசைத்தார்கள்.

கீழே தூண்களில் மூங்கில்களைக் கட்டத் தொடங்கினார்கள். வீடு லேசாக முனகியது. கையில் இருந்த சாவியை இடுப்பில் செருகப் போனேன், வயிறு இடம் விடவில்லை. சாவி தரையில் விழுந்து, மூங்கில் பத்தைகளின் இடைவெளியில் ஒரு மீன்குஞ்சு மாதிரி நழுவி, ஆட்டுப் புழுக்கைக்குள் போய்விட்டது.

சாவி விழுந்த பிறகு என் உறுதி இரட்டிப்பானது. வேறு வழியில்லை.

சுகந்தி மேட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து கதவைத் தட்டினாள். "மாமா! தொறங்க! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க!"

"எறங்க மாட்டேன்!"

"ஐயோ, மானம் போகுது மாமா!"

"வீடு போறதவிட மானம் போகட்டும்! எறங்கச் சொல்றவன் திரும்ப ஏறச் சொல்ல மாட்டான்!"

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சாவி எங்க மாமா?"

பத்துத் தலைமுறை வீரத்தோடு சொன்னேன். "அது உனக்குத் தேவையில்ல."

"விழுந்துருச்சா?"

அவள் கீழே திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். ஊரே சிரித்தது. ருஸ்லான் கடப்பாரையோடு ஏணியில் ஏறி, "மாமா, சாப்டீங்களா?" என்று கவலையோடு கேட்டான். கதவை உடைக்கட்டுமா என்று அர்த்தம். "தொட்டா தெரியும்!" என்றேன். கடைசியாக, காணிக்காரர் தாஹிர் ஜன்னலுக்குக் கீழே வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பேசினார். சுகந்தி மொழிபெயர்த்தாள்.

"ஒரு விருந்தாளி பெரிய பாரம் இல்லையாம். போன தடவ இன்னொரு வீட்ட தூக்குறப்போ ஒரு ஆட்ட மறந்து உள்ள விட்டுட்டாங்களாம். ஆனா அது இவ்வளவு சத்தம் போடலயாம். நடுத்தூணப் புடிச்சுக்கச் சொல்றாரு."

ஒருவர் ராகமாக ஒரு குரல் கொடுத்தார். நூறு தொண்டைகள் ஒரே குரலில் பதில் கொடுத்தன.

வீடு எழுந்தது.

இதை எப்படி எழுதுவது? லொறி கிளம்பினால் அதிரும். பஸ் கிளம்பினால் இழுக்கும். இது இரண்டுமில்லை. தூங்குகிற பிள்ளையைத் தாய் மடியிலிருந்து தோளுக்கு மாற்றுவாளே, அந்த மாதிரி எழுந்தது. நான் நடுத்தூணைக் கட்டிப்பிடித்தேன். காலாலும் கட்டிப்பிடித்தேன். கதிர்காமக் கந்தனைக் கூப்பிட்டேன். அவர் எங்கள் ஊவா மாகாணத்தை விட்டு இவ்வளவு தூரம் வருவாரா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. ஜன்னலில் ஒரு மாமரம் நடந்து போனது. பின்னால் பள்ளிவாசலின் கோபுரம் போனது. மூங்கில் தரையின் இடைவெளியில் பார்த்தால் தொப்பிகள், தொப்பிகள், நடுவே ஒரு கோழி. வீடு முன்னால் சாயும்போது நானும் சாய்ந்தேன். பின்னால் சாயும்போது அக்காவின் சீனிச்சம்பல் போத்தல் உருண்டு வந்து என் காலில் இடித்து நின்றது.

பாதித் தூரத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக எனக்கு ஒரு வாழைப்பழமும், பாகு மாதிரி இனித்த ஒரு கோப்பைத் தேநீரும் நீட்டினார். நான் கொண்டுபோன எங்கள் ஊர்த் தேயிலைதான். அதை இப்படிச் சீனியில் கொல்கிறார்களே என்று ஒரு கணம் கோபப்பட்டேன். கோபம் வந்ததால் பயம் போய்விட்டது என்று அறிந்தேன். தூணிலிருந்து ஒரு காலை எடுத்தேன்.

மறுபடி எழுந்து ஏற்றத்தில் ஏறியது. லயத்திலிருந்து தேயிலை ஆலைக்குப் போகும் அளவு தூரம். இப்போது நான் ஜன்னலுக்கே வந்துவிட்டேன். முன் மூங்கிலில், வலது மூலையில், எல்லோருக்கும் முன்னால் ஒரு வெள்ளைத் தொப்பி. ஒல்லியான கழுத்தில் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு, வீட்டின் கனமான மூலையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு போனது காணிக்காரர் தாஹிர்.

மேட்டில் வரிசையாகப் போட்டிருந்த கற்களின் மேல் தூண்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. வீடு ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது. ஒரு பலகைகூட விலகவில்லை. உடைந்தது என்று எதுவும் இல்லை, என் குரலைத் தவிர.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். வாழையிலைச் சோறு, காரமான வாத்துக்கறி, பயற்றங்கஞ்சி. எனக்கு ஜன்னல் வழியாக வாசம் மட்டும். ருஸ்லான் மறுபடி கடப்பாரையை எடுத்தபோது, பெரியவர் தாஹிர் தனியாகக் கீழே இறங்கிப் போவது தெரிந்தது. வீடு நின்ற பழைய இடத்தில், வெறும் மண்ணில் குந்தி, குச்சியால் ஆட்டுப் புழுக்கையைக் கிளறினார். திரும்பி ஏறிவந்து, சாவியைத் தன் சாரத்தில் துடைத்து, ஜன்னல் கம்பிகளுக்கிடையே நீட்டினார். ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்னவாம்?" என்றேன்.

"இப்ப எறங்கலாமாம் மாமா. திரும்ப ஏறவும் செய்யலாமாம்." என்றாள் சுகந்தி.

பின்னேரம் அவள் அக்காவுக்கு, வீட்டைத் தூக்கியபோது ஊர்க்காரர் ஒருவர் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். போனின் மறுபக்கம் அக்காவின் முகம், அவளுக்குப் பின்னால் சுவரில் முருகன் கலண்டர். அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஜன்னல்ல நின்னு கத்துறது யாரு?"

"மாமாம்மா."

"அதானே பாத்தேன். பிள்ளைய கூட்டிட்டு வாடான்னா, மாப்பிள்ளை ஊர்வலம் போறான். முன்னாடி தூக்குறாரே வெள்ளத்தொப்பி, அவரு?"

"அவருதாம்மா காணிக்காரரு."

"காணிக்காரரா தூக்குறாரு?"

"ஆமாம்மா."

அக்கா மறுபடி வீடியோவைப் போடச் சொன்னாள். இரண்டாம் தடவையும் முழுதாகப் பார்த்தாள். சுகந்தியிடம் நான் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருந்தது. "அக்கா, அவ இங்கதான் இருப்பா" என்றேன்.

"அத நீ சொல்லணுமா? பிள்ளைய விட்டுட்டு நீ வா."

வந்தேன். பூட்டை அங்கேயே விட்டுவிட்டேன். ஊஞ்சல் கயிறு காற்றில் ஆடாமல் இருக்க அதைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம். மறுநாளே லொறியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அக்கா பால் விடாத பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி கேட்டாள்.

"நம்ம லயத்த தூக்க எத்தன பேரு வேணும்டா?"

சுவரைத் தட்டிப் பார்த்தேன். கருங்கல்லும் சுண்ணாம்பும். பத்துக் குடும்பத்து அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. "தூக்க முடியாதுக்கா."

"அப்ப காணி கேக்க எத்தன பேரு வேணும்?"

அன்று மாலையே அவள் லயத்து வாசல் வாசலாகப் போனாள். நானும் பின்னால் போனேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூடுவதாக ஏற்பாடு. எல்லோரையும் ஏற்றிவர லொறி தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பதுளையில் நான் இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு விதத்தில் நானும் ஒரு மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். இன்னொரு விதத்தில் நான்தான் வழிகாட்டினேன். நடந்தது இதுதான்: வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஊர்க்காரர்கள் சுகந்தியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் மேட்டில் வைத்தார்கள். காணிக்காரர் முன் மூலையைச் சுமந்தார். நான் உள்ளே இருந்தேன்.